சர்ச்சையில் அடிபட்ட பேராசிரியர்களின் விக்கிப்பீடியா பக்கங்கள்: குமரி மாவட்டத்தில் தொகுப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வடசேரி:

தமிழ் விக்கிப்பீடியாவில் 12 வருஷமாக எழுதுகிறேன். கோயில், குளம், மீன் என்று எழுதிக்கொண்டிருந்தவரைக்கும் ஒரு வம்பும் வந்ததில்லை. உயிரோடு இருக்கிற ஒரு பேராசிரியரின் பக்கத்தில் கை வைத்த பிறகுதான் ஒரு வினைச்சொல்லுக்கு எவ்வளவு கனம் உண்டு என்று தெரிந்தது.

அவர் பெயரும் கல்லூரியும் இங்கே வேண்டாம். நம் மாவட்டத்துக்காரர், ஓய்வு பெற்றவர். அவருடைய நூல் ஒன்றில் வேறொருவரின் ஆய்வேட்டுப் பகுதிகள் அப்படியே இருக்கின்றன என்று ஒரு புகார் எழுந்தது. ஒருநாள் காலையில், நான் கண்காணிக்கிற பக்கங்களில் நடந்த மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலைத் திறந்தால், பக்கத்தின் முதல் வரியே மாறிக் கிடக்கிறது: 'சர்ச்சைக்குரிய தமிழ்ப் பேராசிரியர், பிறர் ஆய்வைத் திருடி நூல் வெளியிட்டவர்.' கீழே சான்றாக ஒரு நாளிதழ்ச் செய்தி. பயனர் கணக்கு இல்லை, வெறும் ஐ.பி. முகவரி.

சான்றுதான் இருக்கிறதே என்று விட்டுவிடத்தான் முதலில் தோன்றியது. செய்தியை முழுசாக வாசித்தேன். அதில் இருந்தது 'புகார் அளிக்கப்பட்டுள்ளது' என்பது மட்டும். புகார் கொடுத்தவர் பெயர் இருந்தது, தேதி இருந்தது, விசாரணை நடக்கும் என்று இருந்தது. 'திருடினார்' என்ற சொல் எங்கேயும் இல்லை. அந்த வரியை உடனே எடுத்துவிட்டு, பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதினேன்.

மறுநாள் அவருடைய மாணவர்கள் வந்தார்கள். சான்றோடு இருந்த நியாயமான வரிகளையும் சேர்த்து மொத்தப் பகுதியையும் அழித்துவிட்டு, 'தகைசால் பேராசிரியர், தமிழுக்கே தன்னை அர்ப்பணித்தவர்' என்று போட்டார்கள். இவர்கள் அழிக்க, புகார்ப் பக்கம் நின்றவர்கள் மீட்க, சாயங்காலத்துக்குள் 24 மணி நேரத்தில் மூன்று மீளமைப்பு (மற்றவர் செய்த மாற்றத்தைப் பழையபடி ஆக்குவது) என்ற எல்லையை இரண்டு பக்கமும் தாண்டியாயிற்று. நிர்வாகி பக்கத்தைப் பூட்டினார்.

பூட்டிய அந்த ஒரு வாரம் எனக்கு உதவியாகிவிட்டது. நூலகத்தில் போய் உட்கார்ந்து பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டினேன். புகார் மூன்று பத்தித் தலைப்போடு முன்பக்கத்தில் வந்திருந்தது. அதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து, உள்பக்கத்தில், ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே எட்டு வரிச் செய்தி. விசாரணைக் குழு சில இடங்களில் மூல நூலைக் குறிப்பிடாமல் விட்டது தவறு என்று சொல்லியிருந்தது. நூல் முழுவதும் நகல் என்ற புகாரை ஏற்கவில்லை. ஆசிரியர் அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பு சேர்ப்பதாகத் தெரிவித்திருந்தார். அந்த எட்டு வரியை இரண்டு கூட்டத்தாரும் பார்த்திருக்கவில்லை.

எழுத உட்கார்ந்தபோது கை தானாக 'தவறை ஒப்புக்கொண்டார்' என்று தட்டிவிட்டது. செய்தியைத் திரும்பப் பார்த்தேன். 'தெரிவித்தார்' என்றுதான் இருந்தது. 'ஒப்புக்கொண்டார்' என்றால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் போல ஆகிவிடும்; 'விளக்கினார்' என்றால் அவர் சொன்னது சரி என்று நானே தீர்ப்பு எழுதியது போல. 'தெரிவித்தார்' என்றே வைத்தேன். முதல் வரியில் அவர் என்ன படிப்பித்தார், எந்தத் துறையில் எழுதினார் என்பது. சர்ச்சை கீழே, தேதியோடு, நாலு வாக்கியத்தில். 'சர்ச்சைக்குரிய' என்ற அடைமொழி போயிற்று, 'தகைசால்' என்பதும் போயிற்று.

ஆறு மாதம் கழித்து சுசீந்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்து நின்றபோது யாரோ தோளைத் தொட்டார்கள். அவரேதான். 'மக்களே, நீதான அந்தப் பக்கத்த எழுதினது?' என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பகுதியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியாது சார் என்றேன். ஆனால் நீங்கள் அச்சில் எங்கேயாவது பதில் சொல்லியிருந்தால் அது கட்டாயம் சேர வேண்டும் என்றேன். மறுவாரம் ஒரு சிற்றிதழை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அவருடைய மறுப்பு இரண்டு பக்கம். அதன் சாரத்தை ஒரு வாக்கியமாகச் சேர்த்தேன். அவருக்குத் திருப்தி இல்லை, முகத்தில் தெரிந்தது. சாயா குடித்துவிட்டுப் போனார். இப்போதும் எங்கே பார்த்தாலும் பேசுவார்.

மார்த்தாண்டம்:

வடசேரி அண்ணாச்சி சொன்ன எட்டு வரிச் செய்தி எனக்கு வாய்க்கவில்லை. நான் ஆய்வு மாணவன். ஒரு துறைத்தலைவர் மேல் பணி நியமன முறைகேடு என்று பேச்சு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, விசாரணை அறிக்கையின் நகலையே வாங்கிவிட்டேன். 37 பக்கம். முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும் என்று பக்கத்தில் ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள்.

கோபத்தில் ஆலமரத்தடியில், அதாவது தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்தில், போய்ச் சண்டை போட்டேன். மூத்த பயனர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்: அரசு ஆவணம், நீதிமன்றப் பதிவு இதையெல்லாம் நாமே வாசித்து, நாமே எது முக்கியம் என்று தேர்ந்தெடுத்து, உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதினால் அது சொந்த ஆய்வு, அதற்கு இங்கே இடமில்லை. வேறொரு நம்பகமான வெளியீடு அதைப் பரிசீலித்து எழுதியிருந்தால் மட்டும் அதைச் சான்றாக வைக்கலாம். 2005-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகன்தாலரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி யாரோ எழுதிய பொய் ஆங்கில விக்கிப்பீடியாவில் நாலு மாதம் கிடந்ததையும், வாழ்பவர் பற்றிய விதி அதன் பிறகு இறுகியதையும் அவர்தான் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு மனசு ஆறவில்லை. பிறகு அதே 37 பக்கத்தைத் திரும்ப வாசித்தபோது, நான் எடுத்துப் போட்ட பத்திக்கு அடுத்த பக்கத்தில் அவருடைய எழுத்துபூர்வமான மறுப்பு இருந்தது. அதை நான் தாண்டிப் போயிருக்கிறேன். வேணும் என்று செய்யவில்லை, கோபத்தில் கண்ணில் படவே இல்லை. நகல் இப்போது மேசை இழுப்பறையில் இருக்கிறது. பக்கத்தில் அந்த விஷயம் ஒரு வரி கூட இல்லை.

அகஸ்தீஸ்வரம்:

நான் இறந்தவர்கள் பக்கம் மட்டும்தான் தொகுக்கிறேன், ஆனால் அங்கேயும் அடிதடிக்குக் குறைவில்லை. குமரிக்கடல் பக்கத்தில் பிறந்தவன் என்பதால் தேவநேயப் பாவாணர் (1902–1981) பக்கத்தில் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. மூழ்கிய குமரிக்கண்டமே தமிழின் பிறப்பிடம், தமிழே முதல் தாய்மொழி என்று வாதிட்டவர். சிறுவயதில் முக்கடலைப் பார்த்து நின்று அதை அப்படியே நம்பினவன் நான். 'நிறுவினார்' என்று எழுதத்தான் ஆசை. ஆனால் குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற 'லெமூரியா' என்ற பெயர் 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரில் லெமூர் விலங்குகளும் இந்தியாவில் அவற்றின் உறவினங்களும் இருப்பதை விளக்க வைத்தது. கண்டத்தட்டு நகர்வுக் கொள்கை வந்த பிறகு புவியியலாளருக்கு அப்படி ஒரு கண்டம் தேவைப்படவில்லை. ஆகவே 'வாதிட்டார்' என்று எழுதினேன், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை என்றும் சேர்த்தேன். அதோடு நிறுத்தவில்லை. வேர்ச்சொல் ஆய்வில் அவர் உழைத்த உழைப்பையும், 1974-இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநரானதையும் விரிவாக எழுதினேன். ஏற்கப்படாத ஒரு கருத்துக்காக மனுஷனின் வாழ்நாள் வேலையை மூன்று வரியில் முடிப்பது அநியாயம்.

எஸ். வையாபுரிப்பிள்ளை (1891–1956) பக்கத்தில் இதே பிரச்சினை தலைகீழாக. திருவனந்தபுரத்தில் வக்கீலாக இருந்து, 1926-இலிருந்து 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை முடித்துக் கொடுத்தவர். பழைய நூல்களின் காலத்தைப் பிந்தித் தள்ளினார் என்று அவரைத் 'தமிழ்த் துரோகி' என்று எழுதி வைப்பார்கள். பாவாணரே அந்த அகராதியின் குறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதைப் பாவாணரின் கருத்தாக, அவர் பெயரைச் சொல்லி எழுதலாம். 'துரோகி' என்பது யாருடைய பெயரும் இல்லாமல் கட்டுரையின் குரலாக நிற்கக் கூடாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் திறந்து வைத்து, ஒன்றில் பாவிக்கிற அளவுகோலையே மற்றதிலும் பாவிக்கிறேனா என்று பார்ப்பேன்.

தக்கலை:

நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். எல்லாரும் இருக்கிற பக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். பக்கமே இல்லாமல் இருந்து, ஒரு பிரச்சினை வந்த மறுநாள் பக்கம் முளைப்பதை நான் பார்த்தேன். வகுப்பில் சொன்ன ஒரு வாக்கியம் வீடியோவாகப் பரவி, ஒரு பேராசிரியை மூன்று நாள் செய்தியில் அடிபட்டார். நாலாம் நாள் அவருக்கு விக்கிப்பீடியாவில் கட்டுரை. ஆறு வாக்கியம், ஆறும் அந்த வீடியோ பற்றி. 20 வருஷம் படிப்பித்ததைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதோடு அவர் குடியிருக்கும் தெருப் பெயரும், முழுப் பிறந்த தேதியும்! அந்த இரண்டையும் அந்த நிமிஷமே எடுத்தேன். ஒரே நிகழ்வால் மட்டும் அறியப்பட்டவருக்குத் தனிப் பக்கம் வேண்டியதில்லை என்று, பக்கத்தை நீக்கலாமா என்று பேசும் நீக்கல் உரையாடலில் எழுதினேன். ஒன்பது நாள் வாதம் நடந்தது, கடைசியில் நீக்கினார்கள்.

2018-இல் டோனா ஸ்டிரிக்லண்டுக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவித்தபோது ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கம் இல்லை. சில மாதம் முன்னால் ஒருவர் எழுதிக் கொடுத்த வரைவைச் சான்று போதாது என்று திருப்பியிருந்தார்கள். வேலையைப் பற்றி எழுதப்படாமல் இருக்கிற பெண்களுக்கு, சண்டை வரும்போது மட்டும் சான்று கொட்டுகிறது. அதனால் நான் இப்போது நம் மாவட்டத்து மூத்த பேராசிரியைகளின் நூல்களுக்கு வந்த மதிப்புரைகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பிரச்சினை வருவதற்கு முன்னாலேயே.

வடசேரி:

தக்கலை டீச்சர், பழைய இதழ்களில் மதிப்புரை தேடுவதற்கு நானும் வருகிறேன். சனிக்கிழமை எனக்கு வசதி. மார்த்தாண்டம் தம்பி, அந்த விசாரணை நடந்த வருஷமும் மாதமும் மட்டும் எனக்குத் தனியாக எழுது. அதே நாளிதழ்க் கட்டுகளில் உள்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.