தினம் இருபது நிமிஷம் கிளாசிக்கல் கிட்டார் – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கிளாசிக்கல் கிட்டார் கத்துக்க ஆசை, ஆனா நேரமே கிடைக்கலன்னு சொல்றவங்க நிறைய பேர பாக்குறேன், அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். எனக்கு வயசு நாப்பதுக்கு பக்கம், கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ் வேலை, வீட்டுல ரெண்டு குழந்தைங்க. காலையில ஆறு மணிக்கு முன்னாடி ஒரு இருபது நிமிஷம், அவ்வளவுதான் எனக்குன்னு கிடைக்கும். அதுலயே டாரெகாங்கிற ஸ்பானிஷ் இசையமைப்பாளரோட லாக்ரிமாங்கிற சின்ன பீஸ முழுசா வாசிக்கிற அளவுக்கு வந்தாச்சு, ஃபெர்னாண்டோ சோர் எழுதுன சின்ன ஸ்டடி (பயிற்சிக்குன்னே எழுதுன பீஸ்) நாலஞ்சு கைவசம் இருக்கு, ரொமான்ஸாங்கிற பிரபலமான கிட்டார் பீஸோட முதல் பாகம் கேக்குறவங்க உக்காந்து கேக்குற மாதிரி வருது. நேரம் கம்மியா இருக்குறது ஒரு குறையே இல்லங்க, சொல்லப்போனா என்னை முன்னேத்துனதே அதுதான்.

ஏன்னு சொல்றேன். ஒரு மணி நேரம் கையில இருந்தா எல்லாரும் என்ன பண்ணுவோம், பீஸ முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஓட்டுவோம், தப்பு வர்ற எடத்துல தப்பாவே வாசிச்சிட்டு தாண்டிப் போவோம், மறுபடி முதல்ல இருந்து. இருபது நிமிஷத்துல அதுக்கு வழியே இல்ல. இன்னிக்கி எந்த பார் (இசைக்குறிப்புல ஒரு தாளக் கட்டம்), அந்த பார்ல எந்த எடம், இதை ராத்திரி படுக்கும்போதே முடிவு பண்ணிடணும். அந்த இசைக்குறிப்புல பென்சிலால ஒரு சின்ன வட்டம் போட்டு வச்சிடுவேன். காலையில எந்திரிச்சதும் நேரா அந்த வட்டத்துக்குத்தான்.

உதாரணத்துக்கு லாக்ரிமாவோட முதல் பார எடுத்துக்கோங்க. ஈ மேஜர்ல ஆரம்பிக்குது. மேல முதல் கம்பியில (இருக்குறதுலயே மெல்லிசு) மெலடி, கீழ நாலாவது கம்பியில பேஸ் (கனமான சுரம்), நடுவுல ரெண்டாவது கம்பி ஓப்பனா (விரல் வைக்காம) அடிச்சிட்டே இருக்கும். முதல் பீட்ல பேஸ் 2வது ஃப்ரெட் (கிட்டார் கழுத்துல உள்ள மெட்டு), மெலடி 4வது ஃப்ரெட். அடுத்த பீட்ல 4ம் 5ம். அதுக்கடுத்து 6ம் 7ம். பாக்குறதுக்கு சுலபம். ஆனா முதல் எடத்துல ரெண்டு விரலுக்கும் நடுவுல உள்ள தூரம் ரெண்டு ஃப்ரெட், அப்புறம் அது ஒண்ணா சுருங்குது, கை மேல ஏறிட்டே இருக்கும்போதே விரலோட அகலமும் மாறணும், அந்த மெலடி அறுபடவும் கூடாது. இந்த ஒரு எடம் மட்டும் எனக்கு ஒரு வாரத்துக்கு மேல போச்சு. மெட்ரோனோம்ல (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 50 தட்டு வச்சு, முதல் பீட்ல இருந்து ரெண்டாவது பீட்டுக்கு போறது மட்டும். கை நகர்றதுக்கு முன்னாடியே கண்ணு அடுத்த ஃப்ரெட்டுக்கு போயிடணும், கம்பிய அழுத்துன விரல தூக்காம லேசா தளர்த்தி வழுக்கிட்டு போகணும், போய் சேந்ததும் அழுத்தணும். இந்த மூணும் ஒழுங்கா வந்தப்போ அந்த ஒத்த பாரே ஒரு பாட்டு மாதிரி கேட்டுச்சு. டாரெகா (1852–1909) எவ்வளவு கம்மி சுரத்த வச்சு எவ்வளவு பெரிய விஷயத்த சொல்லிருக்காருன்னு அப்பத்தான் புரிஞ்சுது, முழு பீஸையும் வேகமா ஓட்டுறவங்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

என் இருபது நிமிஷம் ஏறக்குறைய இப்படித்தான் போகும். முதல்ல கொஞ்ச நேரம் வலது கை மட்டும், ஜூலியானிங்கிற இத்தாலிக்காரர் எழுதுன 120 வலது கை ஸ்டடில இருந்து ரெண்டோ மூணோ. அது முழுக்க சி மேஜர், ஜி செவன்னு ரெண்டே கோர்டுதான், இடது கைக்கு யோசிக்க ஒண்ணுமே இல்ல, அதனால முழு கவனமும் வலது கை விரல் மேலயே இருக்கும். கட்டைவிரல் பேஸ் கம்பிய தொடும்போது மத்த மூணு விரலும் ஏற்கனவே அதுஅது கம்பி மேல உக்காந்திருக்கான்னு பாப்பேன். அப்புறம் அந்த வட்டம் போட்ட எடம், இதுதான் பெரும்பங்கு நேரத்த எடுத்துக்கும். கடைசி ரெண்டு மூணு நிமிஷம் ஏற்கனவே தெரிஞ்ச ஒரு பீஸ் ஆசைதீர வாசிப்பேன், அது பயிற்சி இல்ல, அது எனக்கு. அதுல தப்பு வந்தாலும் நிறுத்த மாட்டேன்.

இன்னொண்ணு, தூக்கம். நேத்து காலையில எவ்வளவு முட்டுனாலும் வராத ஒரு ஷிஃப்ட் (கை ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு நகர்றது) இன்னிக்கி எந்திரிச்சு உக்காந்ததும் தன்னால வரும். கை வேலை சம்பந்தப்பட்ட ஞாபகம் தூக்கத்துலதான் கெட்டிப்படும்னு ஆராய்ச்சியே இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மணி நேரம் உக்காருறவங்களுக்கு வாரத்துக்கு ஒரு ராத்திரிதான் கணக்குல வருது, தினமும் உக்காருறவங்களுக்கு ஏழு ராத்திரி.

நகத்த பத்தி சொல்லியே ஆகணும். இடது கையில நகம் ஒட்ட வெட்டிருக்கணும், வலது கையில கட்டைவிரல்ல இருந்து மோதிர விரல் வரைக்கும் கொஞ்சம் வளத்திருக்கணும். ஹார்டுவேர் கடையில தண்ணி உப்புத்தாள் 1000, 2000 நம்பர் கேட்டு வாங்குங்க, சின்ன துண்டா வெட்டி பர்ஸ்ல வச்சுக்கோங்க. கம்பி நகத்துல மாட்டாம வழுக்கி வெளிய வரணும், ஓரத்துல ஒரு சின்ன பிசிறு இருந்தாலும் சத்தம் கரகரன்னு வரும். ஆயிரம் ரூபா கூடுதல் குடுத்து கிட்டார் மாத்துறத விட இந்த உப்புத்தாள் ஒலிய மாத்தும்.

கிட்டார உறைக்குள்ள போட்டு பரண்ல வைக்காதீங்க, ஸ்டாண்ட் வாங்கி கண்ணுல படுற எடத்துல வைங்க. இருபது நிமிஷத்துல மூணு நிமிஷம் ஜிப்பு தொறக்கவே போயிடும். கால் ஸ்டூல் இல்லாதவங்க சாப்பிட உக்கார்ற மணைய இடது காலுக்கு கீழ போட்டுக்கலாம், நான் இன்னும் அதுலதான் ஓட்டுறேன்.

உங்க கதையும் எழுதுங்க, முக்கியமா கம்மி நேரத்துல எப்படி பிரிச்சுக்கிறீங்கன்னு.

* * *

அண்ணா, நான் சென்னை, சின்ன வயசுல இருந்து வீணை, கிட்டாருக்கு வந்தது கல்யாணத்துக்கு அப்புறம். வீணைக்காரங்களுக்கு தினசரி சாதகம் புதுசு இல்ல, சரளி வரிசைய மூணு காலத்துலயும் வாசிச்சுத்தான் வளந்தோம், அதனால மெட்ரோனோம் வச்சு மெதுவா ஆரம்பிக்கிறது எனக்கு ஈஸியா பழகிடுச்சு. ஆனா கை வேற கதை. வீணையில இடது கைல ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் மெட்டு மேல ஓடும், வலது கையிலயும் அதே ரெண்டு விரல்தான் மீட்டும், சுண்டு விரல் தாளத்தந்திக்கு. கிட்டார்ல வந்தா இடது கையில நாலு விரலும் சமமா வேலை செய்யணும், வலது கையில மோதிர விரல் வேணும். என்னோட மோதிர விரல் அதுவரைக்கும் எந்த வேலையும் செஞ்சதே இல்ல!

அதனால என் பதினஞ்சு நிமிஷத்துல அஞ்சு நிமிஷம் அந்த விரலுக்கு மட்டும்தான். கட்டைவிரல ஆறாவது கம்பியில சும்மா ஊனி வச்சிட்டு, நடுவிரல் மோதிர விரல் மாத்தி மாத்தி முதல் கம்பியில, சத்தம் ரெண்டுக்கும் ஒரே மாதிரி கேக்குற வரைக்கும். கண்ண மூடிட்டு கேட்டா எந்த விரல்னு கண்டுபிடிக்க முடியக்கூடாது, அதுதான் அளவு. குழந்தை தூங்குற நேரம்னா பிரிட்ஜ் (கம்பிய கட்டுற கட்டை) பக்கத்துல கம்பிக்கு அடியில ஒரு கைக்குட்டைய செருகிடுவேன், டொக் டொக்னு மட்டும் கேக்கும், ஆனா விரலுக்கு வேலை முழுசா நடக்கும்.

கை சின்னதா இருக்குறவங்க ஒண்ணு கவனிங்க. 1800கள்ல டோரெஸ்ங்கிற ஸ்பெயின் கைவினைஞர் செஞ்ச கிட்டார் வழியா வந்த 650 மில்லிமீட்டர்தான் இன்னிக்கும் வழக்கமான ஸ்கேல் நீளம் (கம்பி அதிர்ற நீளம்). 640, 630லயும் கிடைக்குது, கேட்டா கடைக்காரரே பாதி நேரம் தெரியாதுன்னு சொல்லுவாரு, விடாம கேளுங்க. நான் 630க்கு மாறினதும் முதல் நாலு ஃப்ரெட்ல விரல விரிக்கிற வலி போயிடுச்சு.

நம்ம ஊரு புழுக்கத்துக்கு மரம் ஈரத்த இழுத்து மேல்பலகை உப்பும், கம்பி உயரம் ஏறும், ராத்திரி ஏசி போட்டா காயும். நாளுக்கு ரெண்டு தடவ இப்படி ஆகுறது மரத்துக்கு நல்லதில்ல. ஏசி ரூம்ல வைக்காம ஹால்ல உள்சுவர் பக்கமா வச்சிருக்கேன், ட்யூனிங் எவ்வளவோ நிலையா நிக்குது.

* * *

தம்பிக்கு வணக்கம். நான் மதுரை, ரிட்டயர் ஆனவன். எனக்கு நேரம் கொட்டிக் கிடக்கு, ஆனாலும் ஒரே மூச்சுல இருபது நிமிஷத்துக்கு மேல வாசிக்கிறதில்ல, காலையில ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா. காரணம் கை. இந்த வயசுல கட்டைவிரல் அடிமூட்டு சீக்கிரம் பிடிச்சுக்கும், பிடிச்சுக்கிட்ட பிறகு வாசிக்கிறது ஒவ்வொண்ணும் இறுக்கமாத்தான் பதியும்.

எனக்கு ரொம்ப உதவுன ஒரு பயிற்சி சொல்றேன். ஏதாவது ஒரு ஃப்ரெட்ல விரல வச்சு கம்பிய தட்டிக்கிட்டே அழுத்தத்த கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிட்டு வாங்க. ஒரு கட்டத்துல கொரகொரன்னு சத்தம் வரும். அங்க இருந்து ஒரு துளி மட்டும் கூட்டுங்க, சத்தம் சுத்தமாயிடும். அவ்வளவுதான் தேவையான பலம். விரல் ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டி பின்னாடி இருந்தா இன்னும் கம்மி போதும். நாம எல்லாரும் அதுக்கு மேல பல மடங்கு அழுத்துறோம். பார் கோர்டு (ஒரே விரல குறுக்க படுக்க வச்சு பல கம்பிய அழுத்துறது, தாளக் கட்ட பார் இல்ல) புடிக்கிறப்பவும் அதேதான், கட்டைவிரலால பின்னாடி நெரிக்காம கையோட எடையவே பின்னாடி இழுத்து விடணும். ரொமான்ஸாவுல வர்ற 5வது ஃப்ரெட் பார எனக்கு இப்படித்தான் பிடிபட்டுது, முதல்ல பார் மட்டும், கம்பி ஒவ்வொண்ணா தட்டி பாத்து, அப்புறம்தான் சுண்டு விரல மேல நீட்டுறது.

சின்ன வயசுல கிட்டார்னாலே எங்களுக்கு இளையராஜாதான், அவரே லண்டன் டிரினிட்டி காலேஜ் கோர்ஸ்ல கிளாசிக்கல் கிட்டார் படிச்சவர். அந்த சத்தத்த இப்ப என் கையில இருந்து கேக்குறப்போ எனக்கு வேற எதுவும் வேண்டாம் தம்பி.

* * *

நான் குழந்தைங்கள கிரேடு பரீட்சைக்கு தயார் பண்றவன், சுருக்கமா ஒண்ணு மட்டும் சொல்லிட்டு போறேன். பத்து வயசு பையனுக்கு பத்து நிமிஷம் போதும், ஆனா தினமும். வாரத்துக்கு ஒரு தடவ கிளாஸ்ல மட்டும் கிட்டார தொடுற பிள்ளைக்கும் தினம் பத்து நிமிஷம் தொடுற பிள்ளைக்கும் மூணு மாசத்துல வித்தியாசம் நல்லாவே தெரியும், திறமை யாருக்கு ஜாஸ்திங்கிற பேச்சே அங்க வராது. சைட் ரீடிங்க யாரும் விட்டுடாதீங்க, தினமும் தெரியாத ரெண்டு வரி, நிறுத்தாம, எவ்வளவு மெதுவா வேணாலும். நோட்ட பாத்து படிக்க தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் இருபது நிமிஷம் உண்மையிலேயே இருபது நிமிஷம், டேப் (எந்த கம்பி எந்த ஃப்ரெட்னு நம்பர்ல எழுதுறது) மட்டும் பாக்குறவங்களுக்கு தாளத்த வீடியோ போட்டு தேடுறதுலயே பாதி போயிடும். அப்புறம் கார்காசிங்கிற இசையமைப்பாளரோட ஓபஸ் 60ங்கிற தொகுப்புல 25 ஸ்டடி இருக்கு, லாக்ரிமா முடிச்சவங்க அங்க போங்க. 3வது ஏ மேஜர், மேல மெலடி முழுக்க மோதிர விரலுக்கு. வீணை சிஸ்டருக்கு அது ரொம்ப பொருந்தும்.

* * *

எல்லாருக்கும் நன்றிங்க. மதுரை ஐயா சொன்ன அழுத்தம் குறைக்கிற பயிற்சிய இன்னிக்கி காலையிலயே பண்ணி பாத்தேன், லாக்ரிமால ஈ மைனர் பாகத்துக்கு போறப்போ கை கனமாகிட்டே வந்துச்சு, அது எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு இப்பத்தான் தெரியுது, பேஸ் விரல்தான் தேவையில்லாம கவ்விப் புடிக்குது. நாளைக்கு அங்கதான் வட்டம்.

கார்காசி 3வது பிரிண்ட் எடுத்துட்டேன் சார். அதுல ஒரு கேள்வி, மோதிர விரல் மெலடிய ரெஸ்ட் ஸ்ட்ரோக்ல வாசிக்கவா, இல்ல ஃப்ரீ ஸ்ட்ரோக்லயே (விரல் எதுலயும் சாயாம) கொஞ்சம் எடை கூட்டி வாசிக்கவா? ரெஸ்ட் ஸ்ட்ரோக்னா விரல் அடுத்த கம்பியில போய் சாயும், அடுத்து அந்த ரெண்டாவது கம்பி அடிச்சிட்டிருந்தா அது அணைஞ்சிடும்ல. மெதுவான வேகத்துல ரெண்டுமே வருது. உங்க பிள்ளைங்களுக்கு எத சொல்லிக்குடுக்குறீங்கன்னு சொன்னீங்கன்னா அதுலயே ஆரம்பிச்சிடுவேன்.