பிரபஞ்சனை எழுதவைத்த நாட்குறிப்பு: உங்களை விடாத பக்கம் எது?

முத்தியால்பேட்டை:

பிரபஞ்சனின் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் நாவல்கள் இரண்டையும் படித்தவர்கள்தான் இங்கே வருவீர்கள், முன்கதை வேண்டாம். 1746 பிப்ரவரி. கனகராய முதலியார் கண்ணை மூடுகிறார். புதுச்சேரி பிரெஞ்சுக் கும்பினியின் பெரிய துபாஷி (மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர்) இடம் காலி. அந்த நாளிலிருந்து புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நாள் விடாமல் படித்துப் பாருங்கள். அந்த இடம் தனக்கு வேண்டும் என்று பிள்ளை நேராக எழுதுவது அரிது. வீட்டுக்கு வந்தவர் சொல்கிறார், கோட்டைக்குப் போகும் வழியில் ஒருவர் சொல்கிறார், துரைமாரில் ஒருவர் சொல்கிறார்: உம்மை விட்டால் யார்? பிள்ளை அடக்கமாக ஒரு பதில் சொல்கிறார். இரண்டு நாள் கழித்து வேறொருவர் வந்து அதே பேச்சைத் தொடங்குகிறார். கவர்னரின் மனைவி மதாம் துய்ப்ளெக்ஸுக்கோ ஒரு கிறிஸ்தவர்தான் வரவேண்டும். முதலியாரின் தம்பி சின்ன முதலி காத்திருக்கிறார். பிள்ளையின் ஆசை முழுவதும் மற்றவர் வாயில் இருக்கிறது. தன் கையால் எழுதும் நோட்டில்கூட அதைத் தன் வாயில் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கங்கள்தான் என்னை விடாதவை.

பிரபஞ்சன் இதிலிருந்து எடுத்தது தேதிகளும் சண்டைகளும் என்று எழுதுகிறார்கள். சண்டைக்கு வேறு புத்தகங்கள் உண்டு. இங்கே மட்டும் கிடைப்பது பேச்சு. அவர் இப்படிக் கேட்டார், நான் இப்படிச் சொன்னேன், அவர் முகம் இப்படிப் போயிற்று என்று இருபத்துநான்கு வருஷம் எழுதிவைத்த புத்தகம் இது. அதை ஆழ்ந்து படித்தவர் கையில் சரித்திர நாவல், குதிரையும் வாளும் விட்டு, திண்ணையிலும் வாசலிலும் நின்று பேசத் தொடங்குகிறது. சாகித்ய அகாதெமி 1995இல் வானம் வசப்படும் நாவலுக்கு விருது கொடுத்தபோது அந்தப் பேச்சுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தது என்பது என் கட்சி.

உழவர்கரை:

முதலியார் பெயர் வந்துவிட்டதால் எழுதுகிறேன். எனக்கு 1745 நவம்பர் 30ஆம் தேதிப் பக்கம். இறந்துபோன மகன் வேலவேந்திரன் நினைவாக முதலியார் உழவர்கரையில் கட்டிய மாதா கோயிலின் விருந்து. பிராமணர், வேளாளர், கோமுட்டி, செட்டி, தட்டார், நெசவாளர், வாணியர் என்று எல்லாருக்கும் அழைப்பு. பிராமணச் சமையல்காரர் சமைக்கச் சத்திரமும் தோட்டமும் தனி, வேளாளருக்குச் சமையல் நடந்த வீடு தனி. துய்ப்ளெக்ஸும் மனைவியும் கொன்சேல்காரர்களும் (ஆலோசனைச் சபையாரும்) வந்து மாலை ஐந்து மணி வரை இருக்கிறார்கள். எந்தச் சாதிக்கு எங்கே அடுப்பு என்பது வரை ஒரே நாளில் எழுதிய பக்கம் இது. கடைசியில் பிள்ளையின் தீர்ப்பு: இவர் நடத்தியது நம் வழக்கத்துக்கும் சேரவில்லை, கிறிஸ்தவ வழக்கத்துக்கும் சேரவில்லை.

முத்தியால்பேட்டைக்காரருக்கு ஒரு மறுப்பு. ஆசையைப் பிள்ளை மறைக்கிறார் என்று கண்டுபிடித்தீர்கள், சரி. அதே மனிதர் முதலியாரைப் பற்றி எழுதிய எல்லாமும் அந்த ஆசையின் நிழலில் எழுதியது. நமக்குக் கிடைக்கும் கனகராய முதலியார் போட்டிக்காரர் பார்த்த முதலியார். முதலியார் பக்கத்திலிருந்து இப்படி ஒரு நாட்குறிப்பு நம் கையில் இல்லை. நாவலில் அவர் வரும் இடங்களைப் படிக்கும்போது, இந்த வரி பிள்ளையின் கண்ணா, பிரபஞ்சனின் கண்ணா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். விருந்துப் பக்கத்தில் சாப்பாட்டு ஏற்பாடு வரை நம்பலாம், அது எண்ணிச் சொன்னது. தீர்ப்பு வரியை அந்த அளவுக்கு நம்பக்கூடாது.

மஞ்சக்குப்பம்:

என் பக்கம் சென்னப்பட்டணத்துப் புயல். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் லா பூர்தொனே அங்கே இங்கிலீஷ்காரன் கோட்டையைப் பிடித்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கும், நங்கூரம் போட்டு நின்ற அவன் கப்பல்களை ஒரே ராத்திரியில் காற்று அடித்து நொறுக்கியது. புதுச்சேரியில் உட்கார்ந்து அந்தச் சேதிக்குக் காத்திருப்பது அந்தக் குறிப்பின் மிகக் கனமான பகுதிகளில் ஒன்று. ஆனால் இங்கிலீஷ்காரன் பதிவில் புயல் அக்டோபர் 2, பிரெஞ்சுக் கணக்கில் அக்டோபர் 13. நிறையப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், சிலர் இரண்டு புயல் என்றே எழுதிவிட்டார்கள். ஆகவே தேதி பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

1752 வரை இங்கிலீஷ்காரர் பழைய ஜூலியன் கணக்கில் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் 1582லேயே புதுக் கணக்குக்கு வந்தவர்கள். நடுவில் 11 நாள் வித்தியாசம். சென்னப்பட்டணம் பணிந்தது இங்கிலீஷ் காகிதத்தில் 1746 செப்டம்பர் 10, பிரெஞ்சுக் காகிதத்தில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள். 1752 செப்டம்பர் 2க்கு மறுநாளை 14 என்று இங்கிலீஷ்காரர் வைத்துக்கொண்ட பிறகு இந்தத் தொல்லை இல்லை. எனவே கூடலூர்ப் பக்கத்து இங்கிலீஷ்காரர் கோட்டையான தேவனாம்பட்டணக் கோட்டைப் பதிவோடு பிள்ளையை ஒப்பிடும்போது, வருஷம் 1752க்கு முன்னா என்று முதலில் பாருங்கள். முன் என்றால் இங்கிலீஷ் தேதியோடு 11 கூட்டுங்கள்.

அடுத்தது தமிழ்த் தேதி. குறிப்பு தொடங்குவது 1736 செப்டம்பர் 6, நள வருஷம் ஆவணி 25. இன்றைய காலண்டரில் ஆவணி 25 செப்டம்பர் 10ஐ ஒட்டி வரும். நான்கு நாள் எங்கே போனது? நம் சூரிய வருஷம் ஆங்கில வருஷத்தைவிடச் சற்று நீளம், ஏறக்குறைய அறுபது வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். பிள்ளை காலத்தில் சித்திரைப் பிறப்பு ஏப்ரல் 9, 10 வாக்கில். இன்றைய பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாச் சம்பவமும் நான்கு நாள் பிந்திப்போகும்.

வருஷப் பெயருக்கு ஒரு சின்ன அட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: குரோதன 1745, அட்சய 1746, பிரபவ 1747, விபவ 1748, சுக்கில 1749, பிரமோதூத 1750. ஒவ்வொன்றும் ஏப்ரலில் பிறந்து மறு ஏப்ரலில் முடியும். முதலியார் இறந்த 1746 பிப்ரவரி ஆகவே குரோதனவில் விழும், அட்சயவில் விழாது. கடைசியாகக் கிழமை. பிள்ளை கிழமை கொடுத்த இடத்தில் அதை வைத்துச் சரிபாருங்கள். கிழமை ஒத்துவரவில்லை என்றால் கணக்கோ அச்சோ எங்கோ தவறு.

லாஸ்பேட்டை:

மஞ்சக்குப்பம் சார் சொன்ன தேதிக் கணக்கு சரி. ஆனால் புதிதாகத் தொடங்குபவரிடம் முதலிலேயே பஞ்சாங்கத்தைக் கொடுத்தால் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். முதல் தொகுதியிலிருந்தும் தொடங்காதீர்கள். ஆரம்ப வருஷங்களில் குறிப்பு விட்டுவிட்டுப் போகிறது. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யாருக்கு என்ன மரியாதை என்று ஓடும். 1746இல் நுழையுங்கள். முதலில் வானம் வசப்படும், பிறகு அட்சய வருஷத்துக் குறிப்பு, பிறகு மறுபடி நாவல். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் பிரபஞ்சன் எங்கே பிள்ளையின் வாக்கியத்தை அப்படியே நடக்கவிட்டார், எங்கே பிள்ளை பேசாதவர்களுக்குக் குரல் கொடுத்தார் என்பது பிடிபடும். கோட்டைக்கு வெளியே இருந்த பெண்கள், கூலிக்காரர்கள், அடிமைகளாகக் கப்பலேறியவர்கள் இவர்கள் துபாஷியின் நோட்டில் ஒரு வரியாக வந்துபோவார்கள். நாவல்காரருக்கு வேலை அங்கேதான்.

எந்தப் பதிப்பு என்று கேட்பார்கள். இங்கிலீஷில் 1904 முதல் 1928 வரை 12 தொகுதி, சென்னை அரசாங்கம் போட்டது. முதல் மூன்றைப் பதிப்பித்தவர்கள் பிரைஸ், ரங்காச்சாரி, நான்கிலிருந்து டாட்வெல். அடிக்குறிப்புக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், நடைக்கு வேண்டாம். பிள்ளையின் மூச்சு நீளமான வாக்கியத்தை அவர்கள் நறுக்கி நேராக்கிவிட்டார்கள். தமிழில் 1948இல் தொடங்கிப் புதுச்சேரியில் எட்டுத் தொகுதி வந்தது. ராஜேந்திரனும் வெண்ணிலாவும் பதிப்பித்த 12 தொகுதி 2019இல் வந்தது. இன்று படிக்க அதுதான் வசதி.

எந்தப் பதிப்பானாலும் ஒன்றை மறக்கக்கூடாது. 1846இல் கலுவா மோன்பிரான் இந்தக் குறிப்பைக் கண்டெடுத்துப் பிரதி எடுக்கவைத்தார். பாரிசுக்குப் போனது ஒரு பிரதி, சென்னைக்காரர் மொழிபெயர்த்தது பிரதியைப் பார்த்து எழுதிய பிரதி. அந்தக் காலக் கையெழுத்தில் மெய்க்குப் புள்ளி கிடையாது, எகரம் ஏகாரம் ஒரே கொம்பு, துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். தமிழ்ச் சொல் என்றால் வாசகன் ஊகித்துக்கொள்வான். பிரெஞ்சுப் பெயர் என்றால் ஊகிக்க வழியில்லை, ஒரே ஆள் மூன்று எழுத்தில் மூன்று ஆளாக நிற்பார். புதுப் பெயர் வந்தால் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். சொல்தாது என்பது நம் ஊரில் இன்றும் சொல்கிற சொல்தா, அதாவது படைவீரன், தானே.

நேரம், காசு இரண்டும் சொல்லி முடிக்கிறேன். ஒரு நாழிகை 24 நிமிஷம், பகல் நாழிகை சூரியோதயத்திலிருந்து எண்ணவேண்டும். பத்து நாழிகை என்றால் காலை பத்து மணி வாக்கு. இரண்டும் பத்தாக வருவது தற்செயல், அதை வைத்து நாழிகைதான் மணி என்று நினைத்தால் ஐந்து நாழிகைச் சம்பவம் விடியுமுன் போய்விடும், உண்மையில் அது காலை எட்டு. ஒரு சாமம் ஏழரை நாழிகை, மூன்று மணி நேரம். பணம் என்பது ஒரு சிறு நாணயம், புதுச்சேரிப் பணம் எட்டு ஒரு ரூபாய். வராகன் என்ற பொன் நாணயத்துக்கு எத்தனை என்பது ஊருக்கும் வருஷத்துக்கும் மாறும், ஆகவே ஒரு தொகையை இன்னொரு வருஷத் தொகையோடு அப்படியே ஒப்பிடவேண்டாம். துணிக் கணக்கில் கோர்ஜா வந்தால் 20 உருப்படி. கண்டி என்றால் 20 மணங்கு.

தேவனாம்பட்டினம்:

எங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றி வரும் இடமெல்லாம் என்னை உறுத்துகிறது. 1690இல் இங்கிலீஷ்காரன் மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த இடம் வரை அவனுக்கு என்று எழுதிக்கொண்டான். குண்டு கிராமம் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தான். பிள்ளை இதை எல்லாம் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்து எழுதுகிறார். புதுச்சேரி நடப்புக்கு அவர் கண் சாட்சி, கூடலூர் நடப்புக்கு அவர் காது மட்டும்.

லாஸ்பேட்டை சார் பதிப்பு, நாழிகை, கோர்ஜா எல்லாம் சொன்னார், வினைச்சொல்லை விட்டுவிட்டார். பார்த்தேன், போனேன், என்னிடம் சொன்னார், சேதி வந்தது, சொல்லிக்கொள்ளுகிறார்கள். இவை ஐந்தும் ஐந்து தரம். தொடக்கத்திலேயே பிள்ளை காதால் கேட்டது, கண்ணால் கண்டது, கப்பல் வருவது போவது, அதிசயமாய் நடப்பது என்று பிரித்துச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். ஒரு பென்சில் எடுத்து ஓரத்தில் க, கே என்று போட்டுக்கொண்டே படியுங்கள், கண்டது, கேட்டது. ஐம்பது பக்கம் போட்டுவிட்டு நாவலைத் திறந்தால் தெரியும்: கே போட்ட இடங்களில்தான் பிரபஞ்சன் காட்சியாக விரிக்கிறார், க போட்ட இடங்களில் பெரும்பாலும் பிள்ளையைத் தொந்தரவு செய்யாமல் விடுகிறார். ஒத்துக்கொள்ளாதவர்கள் எதிர் உதாரணம் கொடுக்கலாம்.

காந்தி வீதி:

க, கே என்றதும் வேதபுரீசுவரர் கோயில் இடித்த பக்கங்களை யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். 1748 செப்டம்பர், இங்கிலீஷ் கடற்படைத் தலைவன் போஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கிறான், ஊருக்குள் கோயிலை இடிக்கிறார்கள். பிள்ளை அங்கே நிற்கவில்லை. ஆள் வந்து சொல்கிறான், பிறகு இன்னொரு ஆள் வந்து இன்னும் மோசமானதைச் சொல்கிறான். மகாநாட்டார் (சாதித் தலைவர்கள்) வந்து என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். எடுக்க முடிந்த விக்கிரகங்களைக் காளத்தீசுவரன் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். கவர்னருக்கு மிக அருகில் இருந்த தமிழர் அவர்தான், அவரால் தடுக்க முடியவில்லை. மனம் நொந்து எழுதுகிறார், மறுநாள் கோட்டைக்குப் போகிறார். அந்த மறுநாள்தான் தாங்க முடியாதது.

தேவனாம்பட்டினம் அண்ணே, உங்கள் பென்சில் கணக்கில் இந்தப் பக்கங்களில் பெரும்பாலும் கே. ஆனால் இதைவிட நேராக நெஞ்சில் விழும் பகுதி அந்த 12 தொகுதியில் எனக்குத் தெரியவில்லை. கேட்டது தரம் குறைவு என்று சொன்னதை இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும்.

முத்தியால்பேட்டை:

காந்தி வீதி சொன்ன பகுதியைத் தேடுபவர்களுக்கு: விபவ வருஷம் ஆவணி கடைசி வாரத்தில் தொடங்குங்கள், இங்கிலீஷ் பதிப்பென்றால் ஐந்தாம் தொகுதி. மஞ்சக்குப்பம் சார் சொன்ன நான்கு நாளைக் கழிக்க மறந்தால் இடித்து முடிந்த பிறகுதான் போய்ச் சேர்வீர்கள்.