ஷ்னைடர் எப்படி ஸ்னைடர் ஆனார்? மாற்றியது அதிகாரியா, அவரேவா?

மல்லிகா_பென்சில்வேனியா

என் கணவர் வீட்டுக் குடும்பப் பெயர் ஸ்னைடர். பென்சில்வேனியாவில் பெர்க்ஸ் கவுண்டி. பல தலைமுறையாக இந்தப் பக்கம்தான். போன ஞாயிற்றுக்கிழமை மாமியார் ஒரு கதை சொன்னார். ஜெர்மனியில் இவர்கள் ஷ்னைடர். அந்த மொழியில் தையற்காரர் என்று பொருள். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வருபவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கியபோது, அங்கிருந்த அதிகாரிக்கு எழுத்துக்கூட்டத் தெரியாமல் ஸ்னைடர் என்று எழுதிவிட்டாராம். அன்றோடு பழைய பெயர் போயிற்றாம்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு எழுத வேண்டும். இதையே எழுதலாமா? கேட்டதிலிருந்து எனக்கு மனசு கஷ்டமாகவே இருக்கிறது. யாரோ ஒருவர் பேனாவால் ஒரு கிறுக்கு கிறுக்கினால் ஒரு குடும்பத்தின் பெயர் போய்விடுமா?

பழைய_ஏடு

அம்மா, தயவுசெய்து அப்படி எழுத வைக்காதீர்கள். அமெரிக்காவில் பாதிக் குடும்பங்கள் சொல்லும் கதை இது. எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயர்களை எழுதவே இல்லை. பயணிகள் பட்டியல் ஹாம்பர்க், பிரேமன் போன்ற புறப்படும் துறைமுகங்களில் கப்பல் கம்பெனி எழுத்தர்கள் தயாரித்தது. பயணியிடம் விவரம் கேட்டு அவர்கள்தான் எழுதினார்கள். எல்லிஸ் தீவு அதிகாரி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் சரிதானா என்று கேள்வி கேட்டுச் சரிபார்த்தார். அங்கே மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். பிற்பாடு நியூயார்க் மேயரான லா கார்டியா 1907 முதல் 1910 வரை அங்கே அந்த வேலை பார்த்தவர்தான். அவருக்கு ஜெர்மனும் தெரியும்.

அதைவிட முக்கியமான கேள்வி: உங்கள் வீட்டார் எந்த வருடம் வந்தார்கள்? எல்லிஸ் தீவு திறந்ததே 1892 ஜனவரி 1-ஆம் தேதி. ஜெர்மானியர் மிக அதிகமாக வந்த ஆண்டு 1882. அந்த ஒரே வருடத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர். அவர்களில் ஒருவர்கூட எல்லிஸ் தீவைப் பார்த்திருக்க முடியாது.

மல்லிகா_பென்சில்வேனியா

கணவரின் சித்தப்பாவிடம் ஒரு குடும்ப பைபிள் இருக்கிறது. அதில் 1749 என்று எழுதியிருக்கிறது. பிலடெல்பியாவில் இறங்கியதாக.

பழைய_ஏடு

அப்படியென்றால் எல்லிஸ் தீவுக் கதை முடிந்தது. 143 வருட வித்தியாசம்.

ஊர்க்குருவி

பழைய ஏடு சார், எல்லிஸ் தீவு தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதோடு விஷயம் முடிந்தது என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இடமும் காலமும் தவறு. அந்தப் பாட்டி சொன்னதன் சாரம் தவறா?

1727-லிருந்து பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள், 16 வயதுக்கு மேற்பட்டவர்கள், பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. ஜெர்மானியர் கூட்டமாக வருவதைக் கண்டு மாகாண அரசுக்கு வந்த பயம்தான் காரணம். ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல்கள் வரை உண்டு. கப்பல் தலைவர் கொடுத்த பட்டியலைப் பாருங்கள், காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது. ஒரே ஆளின் பெயர் ஒரு பட்டியலில் ஒரு மாதிரி, அடுத்ததில் வேறு மாதிரி. அதற்கப்புறம் வரிப் பட்டியல், நிலப் பத்திரம், நீதிமன்றம் எல்லாமே ஆங்கிலேய எழுத்தர் கையில். உன் பெயரில் நிலம் வேண்டுமா? அவர் எழுதிய பெயரில்தான் கிடைக்கும். இதை "தானாக மாறியது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய_ஏடு

நீங்கள் சொன்ன அதே மூன்று பட்டியல்கள்தான் என் பக்கச் சாட்சி. மற்ற இரண்டும் உறுதிமொழிப் பட்டியல்கள். அவற்றில் வந்தவர்களே கையெழுத்திட்டார்கள். எழுதத் தெரியாதவருக்கு மட்டும் எழுத்தர் எழுதி, அவர் ஒரு குறி போட்டார். எழுதத் தெரிந்தவர்கள் ஜெர்மன் எழுத்திலேயே தங்கள் பெயரைப் போட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. இறங்கும்போது பெயர் மாறவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மாற்றம் அப்புறம் நடந்தது, மெல்ல, பெரும்பாலும் அவர்கள் கையாலேயே. ஜெர்மன்டவுனில் அச்சகம் வைத்திருந்த கிறிஸ்டோஃப் சௌர் 1743-இல் ஜெர்மன் பைபிள் அச்சிட்டார். அமெரிக்காவில் ஓர் ஐரோப்பிய மொழியில் அச்சான முதல் பைபிள் அது. ஜெர்மன் நூல்களில் அவர் பெயர் சௌர், ஆங்கில நூல்களில் சோவர். இரண்டையும் அச்சுக் கோத்தது அவருடைய சொந்த அச்சகம். வாசகர் யாரோ அவருக்கேற்ற பெயர்.

தென்றல்72

ஒரு சந்தேகம். ஷ்னைடரின் ஆங்கிலம் டெய்லர் அல்லவா? மறைக்க நினைத்திருந்தால் டெய்லர் என்றே வைத்திருக்கலாமே. ஏன் ஸ்னைடர்?

பழைய_ஏடு

அருமையான கேள்வி. இந்த விவாதத்தின் மையமே இதுதான் என்பேன்.

பெயரை மாற்றியவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்யவில்லை. சிலர் பொருளைக் காப்பாற்றி ஒலியை விட்டார்கள். ஸிம்மர்மன் கார்பென்டர் ஆனார், கோனிக் கிங் ஆனார். வட கரோலைனாவில் ஷ்வார்ட்ஸ்வெல்டர் என்ற குடும்பம் பிளாக்வெல்டர் ஆயிற்று. கருங்காட்டிலிருந்து வந்தவர் என்ற பெயரில் 'கருப்பு' மட்டும் ஆங்கிலமாகி, மீதி ஜெர்மனாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது! டயர் கம்பெனி தொடங்கிய ஃபயர்ஸ்டோன் குடும்பம் பிரான்ஸ்-ஜெர்மனி எல்லையிலுள்ள அல்சேஸிலிருந்து வந்த ஃபாயர்ஷ்டைன். நெருப்புக் கல், அப்படியே மொழிபெயர்ப்பு.

இன்னும் சிலர் ஒலியைக் காப்பாற்றி எழுத்தை விட்டார்கள். யேகர் (வேட்டைக்காரர்) என்பதை ஜெர்மன் முறையில் எழுதினால் ஆங்கிலம் படிப்பவர் ஜேகர் என்பார். அதனால் முதல் எழுத்தை மாற்றினார்கள், ஒலி பிழைத்தது. ஹூபர் ஹூவர் ஆனார். பிற்பாடு அதிபரான ஐஸன்ஹவரின் குடும்பம் 1741-இல் வந்தது. இரும்பை வெட்டுபவர் என்று பொருள். பொருள் ஒருவருக்கும் புரியவில்லை என்றாலும் ஒலி ஏறக்குறைய அப்படியே வெள்ளை மாளிகை வரை போயிற்று.

ஸ்னைடர் இந்த இரண்டாம் வகை. ஷ்னைடர் (Schneider) என்ற ஜெர்மன் எழுத்துக்கூட்டலை ஆங்கிலேயர் ஷ்னீடர் என்று படித்துவிடலாம். நடுவில் உள்ள 'ஐ' ஒலி கெடாமலிருக்க எழுத்தை மாற்றினார்கள் (Snyder). ஒலியில் போனது முன்னால் இருந்த 'ஷ்' மட்டும்தான். மல்லிகா அம்மா, உங்கள் வீட்டுப் பெயர் கிறுக்கிக் கெட்டது அல்ல. தங்களைச் சரியாகக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தவர்கள் வைத்தது.

இன்னொன்று. பென்சில்வேனியாவில் 1808 முதல் 1817 வரை ஆளுநராக இருந்தவர் சைமன் ஸ்னைடர். ஜெர்மனியிலிருந்து வந்த கைவினைஞரின் மகன். அவர் பெயரில் ஒரு கவுண்டியே இருக்கிறது. அந்த எழுத்துக்கூட்டலை அங்கே யாரும் ஆங்கிலப் பெயராக நினைக்கவில்லை. பென்சில்வேனியா ஜெர்மானியரின் பெயராகத்தான் அது அறியப்பட்டது.

ஊர்க்குருவி

வகைப்படுத்தியது நன்றாக இருக்கிறது, நன்றி. ஆனால் சார், "சரியாகக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தவர்கள்" என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டீர்கள்! எதற்காக அவர்கள் எழுத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்? கூப்பிடுபவர் ஏன் கற்றுக்கொள்ளவில்லை? யார் யாருக்காக வளைகிறார்கள் என்பதுதான் அதிகாரம்.

1700-களோடு நிறுத்தாமல் 1917-க்கு வாருங்கள். ஏப்ரலில் அமெரிக்கா ஜெர்மனி மீது போர் அறிவித்தது. குடியுரிமை பெறாத ஜெர்மானிய ஆண்கள், 14 வயதுக்கு மேற்பட்டவர்கள், எதிரி நாட்டவர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். அடுத்த வருடம் பெண்களும். 1918 மே மாதம் அயோவா ஆளுநர் ஹார்டிங், பொது இடத்திலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று அறிவித்தார். தொலைபேசியில்கூட! அதற்கு முந்தைய மாதம் இல்லினாய் மாநிலம் காலின்ஸ்வில்லில் ராபர்ட் பிராகர் என்ற ஜெர்மானியத் தொழிலாளியை ஒரு கும்பல் இழுத்துப் போய் மரத்தில் தூக்கிலிட்டது. வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை.

அந்த வருடம் ஒரு ஷ்மிட் தன் பெயரை ஸ்மித் என்று மாற்றிக்கொண்டிருந்தால், அதையும் "அவரே செய்தது" என்று ஏட்டில் எழுதுவீர்களா?

தென்றல்72

நான் சின்சினாட்டியில் இருக்கிறேன். இங்கே 1918-இல் தெருப் பெயர்களையே மாற்றினார்கள். பிரேமன் தெரு ரிபப்ளிக் தெருவாயிற்று. ஜெர்மன் தெரு இங்கிலிஷ் தெருவாயிற்று. ஓவர்-தி-ரைன் என்று ஒரு பேட்டை, அங்கே நடந்து போனால் செங்கல் வீடுகள் எல்லாம் ஜெர்மானியர் கட்டியது. தெருப் பலகையில்தான் அவர்கள் இல்லை.

பழைய_ஏடு

ஊர்க்குருவி, பிராகர் கதையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அந்த வருடங்களில் நடந்த பெயர் மாற்றம் பயத்தால் நடந்தது, அதில் உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் அந்த இரண்டு வருடப் பயத்தை எடுத்து இருநூறு வருட வரலாறு முழுக்கப் போர்த்தாதீர்கள். 1917-இல் ஜெர்மனிக்கு எதிராக அமெரிக்கப் படையை நடத்திய பெர்ஷிங்கின் முன்னோர் பெயர் ப்ஃபெர்ஷின். அது மாறியது அவர் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன். பியானோ செய்த ஸ்டைன்வெக் 1850-இல் நியூயார்க் வந்தார், மூன்றே வருடத்தில் கம்பெனிக்கு ஸ்டைன்வே என்று பெயர் வைத்தார். யாரும் துரத்தவில்லை, வாங்குபவர் வாயில் நுழைய வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு. உங்கள் பெர்க்ஸ் கவுண்டியிலேயே ஒருவர் உண்டு, மல்லிகா அம்மா: பாயர்டவுனில் பிறந்த விமானப்படைத் தளபதி கார்ல் ஸ்பாட்ஸ். எல்லோரும் தவறாக உச்சரித்ததால், மனைவியும் மகள்களும் வற்புறுத்த, 1937-இல் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார். பெயரை ஜெர்மன் ஒலிக்கு இன்னும் நெருக்கமாக்குவதற்காக! இதையும் அடக்குமுறை என்பீர்களா?

ஊர்க்குருவி

ஸ்பாட்ஸ் எனக்குப் புதிய செய்தி, ஏற்கிறேன். ஸ்டைன்வேயை ஏற்க மாட்டேன். சந்தையும் ஓர் அதிகாரிதான்.

நெய்தல்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இருவரும் பேசுவது ஆண்கள் பெயரைப் பற்றி மட்டும். பிலடெல்பியா உறுதிமொழியில் பெண்களே கிடையாது. கப்பலில் பாதிப் பேர் எழுத்திலேயே இறங்கவில்லை.

அப்புறம், குடும்பப் பெயர் ஒரு கல் மாதிரி ஜெர்மனியில் நிலையாக இருந்தது, அமெரிக்கா வந்து உடைந்தது என்று நினைப்பதும் சரியில்லை. வடமேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணைக்குத்தான் பெயர். அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போகும் மாப்பிள்ளை, பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார். அதே பக்கம் கடலோரக் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் அப்பா பெயரே பிள்ளைக்கு அடுத்த பெயர், தலைமுறைக்குத் தலைமுறை மாறும், நம் இனிஷியல் வழக்கம் போலவே. நெப்போலியன் ஆட்சி 1811-இல் உத்தரவு போட்டுத்தான் நிலையான பெயர் வைக்கச் சொன்னது. அங்கேயும் அதிகாரிதான்!

இன்னொரு எச்சரிக்கை. ஸ்னைடர் எல்லாம் ஜெர்மானியர் அல்ல. நியூயார்க் பக்கம் டச்சுக்காரர்களிலும் அதே தொழில், அதே பெயர். பெயரை மட்டும் வைத்து வம்சத்தைக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க அரசே உதாரணம். 1790 கணக்கெடுப்புப் பெயர்களை வைத்து வெள்ளையரில் ஜெர்மானியர் 5.6 சதவீதம் என்று 1909-இல் சொன்னார்கள். மில்லர், ஸ்மித் என்று ஆங்கிலத்தில் கரைந்தவர்களையும் கவனித்து 1931-இல் மறுபடி கணக்கிட்டபோது எட்டரைக்கு மேல் வந்தது.

மல்லிகா, பெர்க்ஸ் கவுண்டிக் குடும்பங்களில் டௌஃப்ஷைன் என்று ஞானஸ்நானச் சான்று இருக்கும். பறவையும் பூவுமாக வண்ணம் தீட்டியது. அதில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் எழுதுவார்கள், 'கெபோர்னே' என்ற சொல்லுக்குப் பக்கத்தில். அதைத் தேடிப் பாருங்கள். தேவாலயப் புத்தகத்தில் ஞானப்பெற்றோர் யார் என்றும் பாருங்கள். பல சமயம் தாயின் அண்ணன் தம்பியாக இருப்பார்கள்.

மல்லிகா_பென்சில்வேனியா

எல்லோருக்கும் நன்றி. நேற்று சித்தப்பா வீட்டுக்கு மகளோடு போனேன். டௌஃப்ஷைன் இல்லை. பழைய உயில் ஒன்றின் நகல் இருக்கிறது, 1790-களில் எழுதியது. உள்ளே முழுக்க ஆங்கிலம், எழுத்தரின் அழகான கையெழுத்து. அதில் மூன்று இடத்தில் ஸ்னைடர். கீழே நடுங்கும் கையில், கூர்கூரான ஜெர்மன் எழுத்தில் உயிலுக்குரிய முன்னோர் போட்ட கையெழுத்து: ஷ்னைடர். ஒரே தாளில் இரண்டும்.

அவர் மகனின் நிலப் பத்திரமும் இருக்கிறது, முப்பது வருடம் பிந்தியது. அந்த மகன் ஆங்கில எழுத்தில் ஸ்னைடர் என்றே கையெழுத்திட்டிருக்கிறார்.

பழைய_ஏடு

மகன் தானே எழுதினார், பார்த்தீர்களா.

ஊர்க்குருவி

அப்பா சாகும்வரை விடவில்லை, பார்த்தீர்களா. நிலம் மகனுக்குப் போனது எழுத்தர் எழுதிய பெயரில்தான்.

மல்லிகா_பென்சில்வேனியா

இரண்டு கையெழுத்தையும் மகள் போட்டோ எடுத்திருக்கிறாள். கட்டுரையில் இரண்டையும் ஒட்டுகிறாள். மாமியாரிடம் எல்லிஸ் தீவு இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்த ஜெர்மன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

நெய்தல் அக்கா, உயிலில் மனைவி பெயர் கேத்தரின் என்று மட்டும் இருக்கிறது. பிறந்த வீட்டுப் பெயர் எங்குமே இல்லை. சனிக்கிழமை தேவாலயப் புத்தகத்தில் ஞானப்பெற்றோர் பெயர்களைப் பார்க்கப் போகிறோம். மாமியாரும் வருகிறார்.