அலுவலகக் கணினிகள் எல்லாம் ஒரே வகையாக இருக்க எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கேள்வி: தணிக்கைமேசை

எங்கள் தணிக்கை அலுவலகத்தில் உள்ள நாற்பது கணினிகளும் ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்டவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இந்தச் செயலிகளோ விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. எனவே இந்த ஆண்டு பாதியும் அடுத்த ஆண்டு மீதியும் வாங்கிக்கொள்ள நிர்வாகம் இசைந்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே இமேஜைப் (விண்டோஸும் மென்பொருள்களும் அமைத்து எடுத்த முழு நகலை) போட்டுப் பராமரிப்பதே நோக்கம். கடைக்காரர் தந்த விலைப்புள்ளியில் "ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி" என்று மட்டுமே உள்ளது. இது போதுமா? அசெம்பிள் செய்து வாங்கலாமா?

பதில்: சர்வர் அறை

போதாது. இமேஜ் ஒத்துப்போவதைத் தீர்மானிக்கும் சிப்செட்டும் (செயலியை மற்ற பாகங்களோடு இணைக்கும் மதர்போர்டு சிப்) நெட்வொர்க் சிப்பும் அந்த விலைப்புள்ளியில் இல்லவே இல்லை. "ஐ5" என்பதும் தெளிவற்றது: ஐ5-12400-இல் இருக்கும் கிராபிக்ஸ் வேறு, ஐ5-12500-இல் இருப்பது வேறு, ஐ5-13400 ஒரே பெயரில், உள்ளே இரண்டு விதமான சில்லுகளோடு வந்தது.

பயாஸ் (கணினி எழும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பையும் கவனியுங்கள். பதினோராம் தலைமுறையிலிருந்து பல இன்டெல் கணினிகளில் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயக்கத்திலேயே வருகிறது. உரிய டிரைவரைக் கொடுக்காதவரை விண்டோஸ் நிறுவும் திரையில் டிஸ்க்கே தென்படாது. முதல் தொகுதியில் அது அணைந்தும் அடுத்த தொகுதியில் இயங்கியும் வந்தால், அங்கே ஒழுங்காக எழுந்த அதே இமேஜ் இங்கே நீலத் திரையில் நின்றுவிடக்கூடும்.

இன்டெலின் ஸ்டேபிள் ஐடி பிளாட்பார்ம் திட்டத்தில் வரும் வணிக மாடல்களைக் கேளுங்கள். குறைந்தது 15 மாதங்களுக்கு முக்கிய பாகங்களையும் டிரைவர்களையும் மாற்றும் எண்ணமில்லை என்பதே அதன் உறுதி. ஆனால் அந்தக் காலம் மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஓராண்டு பழைய மாடலைப் பிடித்தால், உங்கள் இரண்டாம் தவணைக்கு அது சந்தையிலேயே இல்லாமல் போகலாம்.

பதில்: திருப்புளி

அசெம்பிள் செய்வதை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நிறுவன டெஸ்க்டாப்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மதர்போர்டும் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பதால், உத்தரவாதம் முடிந்தபின் பொதுக் கடையில் மாற்றுப் பாகம் வாங்க முடியாது. அசெம்பிள் செய்ததில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சில்லறை மதர்போர்டுகள் பெயர் மாறாமல் ரிவிஷன் (உள் வடிவமைப்பின் பதிப்பு) மட்டும் மாறி வரும் என்பதால், நாற்பதுக்கும் உபரியாக இரண்டுக்குமான போர்டுகளை ஒரே தவணையில் வாங்கிவிட வேண்டும். ஒரு தொகுதியில் டிடிஆர்4 போர்டும் மறு தொகுதியில் டிடிஆர்5 போர்டும் வந்தால் ரேமை மாற்றிப் போடவே முடியாது. ரேமின் விளிம்பில் பள்ளம் இருக்கும் இடமே வேறு.

பதில்: கல்லாப்பெட்டி

தணிக்கை அலுவலகம் என்பதால் கேட்கிறேன்: பேரலல் போர்ட்டில் (பழைய வகை பிரிண்டர் இணைப்பு) இயங்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் இருக்கிறதா? புதிய சிறு டெஸ்க்டாப்கள் பலவற்றில் அந்தப் போர்ட் கிடையாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் விண்டோஸ் 11-இல் செருகி, ஜிஎஸ்டி தளத்தில் ஒரு முறை கையொப்பமிட்டுப் பாருங்கள். யுபிஎஸ் பழையதாக இருந்தால் அதையும் சோதிக்க வேண்டும். சதுர அலை தரும் சில மலிவான யுபிஎஸ்களில், மின்சாரம் போகும் நொடியில் புதிய எஸ்எம்பிஎஸ் ஒத்துழைக்காமல் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

தணிக்கைமேசை

பிரிண்டர் இரண்டு இருக்கின்றன, இரண்டும் பேரலல் போர்ட்தான். நிறுவன மாடலையே எடுக்க நினைக்கிறோம். கொள்முதல் ஆணையில் என்ன எழுத வேண்டும்?

பதில்: சர்வர் அறை

மாடல் பெயரோடு முழு பார்ட் நம்பர், சிப்செட், நெட்வொர்க் சிப், பயாஸ் பதிப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மாற்றுப் பொருள் அனுப்புவதானால் எழுத்து மூலம் முன் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பேரலல் போர்ட் கார்டு பொருத்த இடம் வேண்டுமென்பதால், அந்த இரு மேசைகளுக்கு மட்டும் அதே வரிசையின் டவர் வடிவத்தைக் கேளுங்கள். முழுத் தொகையைக் கொடுக்கும் முன் ஒரே ஒரு கணினியை வரவழைத்து, உங்கள் இமேஜ், டோக்கன், பிரிண்டர், யுபிஎஸ் நான்கையும் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதிக்குச் சம்மதம் தெரிவியுங்கள்.