புதுப்பிப்பு: அண்ணாவுக்குக் கூட்டம் கிடைத்துவிட்டது

கிளிநொச்சிப் பக்கம் குடியை விட்டவர்கள் கூடும் இடம் உண்டா என்று அண்ணாவுக்காக முன்பு கேட்டிருந்தேன். 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு எடுத்தேன். வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள்.

நாள்தோறும் கசிப்பு (கள்ளச்சாராயம்) குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம் வரும், வலிப்பும் வரலாம்; முதலில் மருந்து, பிறகு கூட்டம் என்றார் வைத்தியர். (வீட்டில் பூட்டிவைக்க நினைத்திருந்தோம். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.)

1935இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவர் தொடங்கிய ஏ.ஏ. (Alcoholics Anonymous, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு) முறைதான் அண்ணா போகும் கூட்டத்திலும். கட்டணமில்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. எட்டுக் கதிரை, வெறுந்தேநீர். முதல் நாள் அண்ணா வாயே திறக்கவில்லை. கோப்பையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி இருந்தார். நேற்று அவராகவே கேட்டார்: "அடுத்த கிழமை எத்தனை மணிக்கு பஸ்?"