யூத சமூக மையத்துக்குப் போன அனுபவம் உண்டா?

புதுக்குடித்தனம்: அடுத்த மாதம் பிட்ஸ்பர்க்கில் ஸ்க்விரல் ஹில் பக்கம் குடிபோகிறோம். பையனை அங்கே இருக்கும் ஜே.சி.சி., அதாவது யூத சமூக மையத்தின் பாலர் வகுப்பில் விடலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். நம்மைப் போன்றவர்களைச் சேர்ப்பார்களா? போய் வந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மரே அவென்யூ அம்மா: தாராளமாகச் சேர்ப்பார்கள். ஃபோர்ப்ஸும் மரேயும் சந்திக்கிற முனையில் இருக்கிறது. 61சி பஸ்ஸில் வந்தால் கடிகாரத்தைப் பார்த்து இறங்கிக்கொள்ளலாம். எண்களுக்குப் பதில் எபிரேய எழுத்துகள் போட்ட கடிகாரம், ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

என் மகள் அங்கேதான் போனாள். வெள்ளிக்கிழமையானால் ஹல்லா ரொட்டி பிசைவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பாட்டு. வீட்டுக்கு வந்து "ஷபாத் ஷலோம் பாட்டி" என்பாள், அது அவர்கள் ஓய்வுநாள் வாழ்த்து. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் முதலில் முகத்தைச் சுளித்தார். பாலும் இறைச்சியும் ஒரே தட்டில் சேரக் கூடாது, பாத்திரம்கூடத் தனித்தனி என்று கேட்டதும், "அட, நம்ம வீட்டு மடி, பத்து மாதிரின்னா இருக்கு" என்று சமாதானமாகிவிட்டார். டப்பாவில் தயிர்சாதம் கொடுத்தனுப்புகிற நமக்கு அந்த விதியால் ஒரு சங்கடமும் இல்லை.

சங்கடம் வேறு இடத்தில். செப்டம்பர், அக்டோபரில் யூதப் புத்தாண்டு, யோம் கிப்பூர், சுக்கோத் என்று பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். அவர்கள் நாள்காட்டிப்படிதான் விடுமுறை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் லீவை இப்போதே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எல்லோரையும் சேர்க்கிறோம் என்று தங்கள் பண்டிகையை மூடி மறைக்காமல் இருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

கட்டடத்தில் நீச்சல் குளம், ஜிம், ஓவியக் கண்காட்சி எல்லாம் உண்டு. முதியோர் வந்து சாப்பிட்டு, சீட்டாடி, அரட்டை அடித்துவிட்டுப் போவார்கள். ஜிம்மில் பாதிப் பேர் என்ன மதம் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை.

பழைய பிட் மாணவன்: அம்மா சொன்னதற்கு முன்கதை ஒன்று. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கிய யூதர்கள் முதலில் இந்த ஊரின் ஹில் டிஸ்டிரிக்ட் பகுதியில்தான் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம், தையல், குழந்தை வளர்ப்பு, குளிக்க இடம் என்று எல்லாம் கொடுத்தது ஐரீன் காஃப்மன் செட்டில்மென்ட் என்ற சேவை இல்லம். பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி காஃப்மன், இறந்துபோன மகள் பெயரில் கொடுத்த நன்கொடை அது. அக்கம்பக்கத்தில் இருந்த மற்றவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். இன்றைய ஜே.சி.சி.யின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

இன்னொரு வேர் இதே ஊரின் ஓக்லாந்து பகுதியில். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெல்ஃபீல்ட் ஹால் 1920களில் எபிரேய இளைஞர் சங்கத்துக்காகக் கட்டியது. அதன் குளத்தில் நான் நீச்சல் கற்றபோது இந்தக் கதை எதுவும் தெரியாது. தண்ணீர் ஜில்லென்று இருந்தது மட்டும் நினைவிருக்கிறது!

ஷேடிசைட்காரர்: 2018ஐ விட்டுவிட்டுப் பேச முடியாது. அக்டோபர் 27, சனிக்கிழமை காலை. இதே ஸ்க்விரல் ஹில்லில் இருந்த ட்ரீ ஆஃப் லைஃப் யூத ஜெபக்கூடத்தில் துப்பாக்கிச்சூடு, 11 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் அப்போது மூன்று சபைகள் கூடுவது வழக்கம், மூன்றுமே ஆட்களை இழந்தன. அகதிகளுக்கு உதவும் ஹையாஸ் என்ற யூத அமைப்பின் மேல் இருந்த வெறுப்பை, சுடுவதற்குச் சற்று முன்பு இணையத்தில் எழுதியிருந்தான் அந்த ஆள்.

குடும்பத்தார் தகவலுக்காகக் காத்திருந்தது இந்த ஜே.சி.சி.யில்தான். பிள்ளைகள் நீச்சலுக்கு வரும் கட்டடம் அன்றைக்கு அப்படி ஆகிப்போனது. சாயங்காலம் ஆல்டர்டைஸ் பள்ளி மாணவர்கள் எதிர்முனையில் அஞ்சலிக் கூட்டம் கூட்டினார்கள். நானும் மனைவியும் போனோம். எங்களைச் சுற்றி நின்றவர்களில் முக்காடு போட்ட பெண்கள் இருந்தார்கள், சர்ச் ஆட்கள் இருந்தார்கள். நகரத்து முஸ்லிம்கள் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக 2 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது பிறகு செய்தியில் வந்தது.

பிற்பாடு அதே மையத்துக்குள் '10.27 ஹீலிங் பார்ட்னர்ஷிப்' என்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். வெறுப்புக் குற்றங்களால் மனம் பாதிக்கப்பட்ட யாரும், எந்தச் சமூகத்தவரும் போகலாம்.

நியூயார்க் சலங்கை: பிட்ஸ்பர்க் தெரியாது, எனக்குத் தெரிந்தது மன்ஹாட்டன். லெக்சிங்டன் அவென்யூ 92ஆம் தெரு முனையில் இருப்பது 1874இல் தொடங்கிய எபிரேய இளைஞர் சங்கம். 'நைன்டி செகண்ட் ஸ்ட்ரீட் ஒய்' என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும், 2022இல் பெயரை மாற்றிவிட்டார்கள். பரதம் ஆடுகிறவள் என்பதால் நான் போனது அந்த மேடையைப் பார்க்கத்தான். கறுப்பின நடனக் கலைஞர்களுக்குப் பெரிய அரங்குகள் எளிதில் கிடைக்காத காலத்தில், அவர்களில் ஒருவரான ஆல்வின் எய்லி 1958இல் தன் குழுவை முதன்முதலில் மேடையேற்றியது அங்கே. அவருடைய 'ரெவலேஷன்ஸ்' நடனம் 1960இல் அரங்கேறியதும் அங்கேதான். ஒரு சமூகத்துச் சங்கக் கட்டடம் இன்னொரு சமூகத்தின் கலைக்கு முதல் மேடை ஆனது. நம்முடைய சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு அடுத்த தெருக்காரரைக்கூடக் கூப்பிடுவதில்லை, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

புதுக்குடித்தனம்: எல்லோருக்கும் நன்றி. வாசலில் காவல் கெடுபிடி அதிகமா? அப்பா அம்மா வந்தால் அழைத்துப் போகலாமா?

மரே அவென்யூ அம்மா: காவல் உண்டு. 2017 தொடக்கத்தில் நாடு முழுக்க இந்த மையங்களுக்கு நூற்றுக்கு மேல் வெடிகுண்டு மிரட்டல் வந்தது, அடுத்த வருடம் இந்தத் துயரம். கோபித்துக்கொள்ளாதீர்கள். படம் போட்ட அடையாள அட்டை கையில் இருக்கட்டும், அப்பா அம்மாவுக்குப் பாஸ்போர்ட். கட்டணம் கொஞ்சம் கைகடிக்கும், சலுகை உண்டா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். பாலர் வகுப்புக்கு இடம் சீக்கிரம் நிரம்பும், வீடு மாறும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போன் போடுங்கள்.