பிவட் போல்ட்டுக்குத் தமிழ்ச்சொல் (சனி காலைக்குள் வேண்டும்)

கோண்டாவிலில் இருந்து, செவ்வாய் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகள் சிலருக்குச் சைக்கிள் திருத்தப் பழக்குகிறேன். வெளிநாட்டில் இருந்து வந்த மலைச் சைக்கிள் ஒன்று இந்த மாதம் வகுப்புக்குக் கிடைத்தது. பின்சில்லு தனியாக மேலும் கீழும் ஆடும் வகை. அந்த ஆட்டத்துக்கான இணைப்புக் கைகளைச் சட்டத்தோடு சேர்க்கும் பிவட் போல்ட்டுகளில் ஒன்று போன கிழமை முறிந்துவிட்டது. தலை எலன் கீ என்ற ஆறுமூலைச் சாவியோடு கையில் வந்தது, மிச்சம் உள்ளே நின்றுவிட்டது. முறிந்த முகம் கற்கண்டை உடைத்தது போலச் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தது.

இறுக்கிய பிள்ளையில் பிழை இல்லை. நான் எழுதிக் கொடுத்த தாளில்தான் பிழை. 'சுழலாணி' என்று எழுதியிருந்தேன். சுழலும் ஆணிதானே என்று அவன் மரை முழுக்கக் கிறீஸ் பூசினான். பக்கத்தில் 'இறுக்கம் 12' என்று இருந்தது. நன்றாக இறுக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு கீயில் குழாயை மாட்டி இழுத்தான்.

உண்மையில் அந்த ஆணி சுழல்வதில்லை. போதிகையின் (பெயரிங்) உள்வளையத்தை நெரித்துப் பிடித்துக்கொண்டு அது அசையாமல் நிற்க, வெளிவளையம்தான் சுழலும். இதைச் சொல்லும் ஒரு பெயர் வேண்டும். இறுக்கும் அளவுக்கும் ஒரு சொல் வேண்டும். வெள்ளி இரவு தாள் அச்சுக்குப் போகிறது.

வல்வெட்டித்துறையில் இருந்து, புதன் காலை

தம்பி, புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம், எடுத்து ஆளுங்கள். பழைய வீட்டுக் கதவுக்குப் பிணைச்சல் கிடையாது. கதவு மரத்தின் மேலும் கீழும் நீண்டிருக்கும் முளை குழியில் இருந்து திரும்பும். அதற்குக் குடுமி என்று பெயர். கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆடுகாலுக்கும் நடுவே துலா எதில் ஆடியது? அச்சுலக்கையில். குடுமியாணி, அச்சாணி இரண்டில் ஒன்றை எடுங்கள். அச்சாணி குறளிலேயே உண்டு, உருவம் சிறிது என்று இகழாதே என்ற இடத்தில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புறநானூறு 102இல் ஔவையார் உப்பு வணிகரான உமணரின் வண்டியைப் பாடுகிறார். எருது இளையது, பாரம் பெரிது. 'அவல் இழியினும் மிசை ஏறினும்' என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று வண்டியின் கீழே சேம அச்சு கட்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வண்டி, கூடவே ஒரு மாற்று அச்சு. உங்கள் மலைச் சைக்கிளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சென்னையில் இருந்து, புதன் மதியம்

ஐயா, அச்சாணி என்பது சக்கரம் கழன்று போகாமல் அச்சின் நுனியில் செருகும் ஆணி. இங்கே வேலை வேறு. பிணைச்சலை எங்கள் பக்கம் கீல் என்போம், ஆகவே கீலாணி என்று முன்மொழிகிறேன். சேமம் க்ஷேமத்தில் இருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறுக்கும் அளவுக்கு (torque) திருப்புவிசை. எங்கள் பாடநூல்களில் அதுதான் இருக்கிறது.

வல்வெட்டித்துறையில் இருந்து, புதன் மாலை

கீல் என்றால் எங்கள் கரையில் வள்ளத்தில் பூசும் கீல்தான் முதலில் நினைவுக்கு வரும். 'கீலாணி' என்று எழுதினால் அந்தப் பிள்ளை இன்னும் கொஞ்சம் பூசுவான். சேமத்தை ஔவையே ஆண்ட பிறகு அதன் பிறப்பைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

திருநெல்வேலியில் இருந்து (எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி), புதன் இரவு

மாஸ்டர், உயர்தரத்தில் பௌதிகவியல் கற்பிக்கிறேன். இங்கே முறுக்கம் என்று படித்த பிள்ளைக்குத் திருப்புவிசை என்றால் விளங்காது. அது விசையும் அல்ல. விசையைத் தூரத்தால் பெருக்கி வருவது, அலகு நியூற்றன் மீற்றர். இதே போல stress என்பது தமிழ்நாட்டாருக்குத் தகைவு, நமக்குத் தகைப்பு. strain அவர்களுக்குத் திரிபு, நமக்கு விகாரம்.

போதிகை என்று நீங்கள் எழுதியது மகிழ்ச்சி. கோயில் தூணின் தலையில் இருந்து உத்தரத்தைத் தாங்கும் உறுப்பும் போதிகைதான். தாங்குவது என்ற ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல் கோயிலில் இருந்து பொறிக்குள் வந்துவிட்டது. நுண்மானித் திருகுக் கணிச்சியும் (micrometer screw gauge) அப்படித்தான். கணிச்சி என்றால் மழு, சிவன் கையில் இருப்பது. அளவுகோலுக்கு அது எப்படி வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஆனாலும் பிள்ளைகள் தடங்கலில்லாமல் சொல்கிறார்கள். அந்தத் துணிச்சலில், அளவு காட்டும் ஸ்பானருக்கு முறுக்கக் கணிச்சி என்று வைக்கலாமா?

கிறீஸ் விடயத்தையும் தாளில் விளக்கி எழுதுங்கள். நாம் கொடுக்கும் முறுக்கத்தில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பங்கை, தலைக்குக் கீழும் மரையிலும் உள்ள உராய்வு தின்றுவிடும். மிச்சம்தான் ஆணியை இழுத்து நெரிக்கிறது. மரையில் கிறீஸ் பட்டால் உராய்வு குறையும், ஸ்பானர் அதே 12ஐக் காட்டும்போது ஆணி மிகக் கூடுதலாக இழுபட்டிருக்கும்.

சுன்னாகத்தில் இருந்து, வியாழன் காலை

நான் சைக்கிள்கடை வைத்திருப்பவன். என் கடையில் போல்ட் என்றால் போல்ட். ஆணி என்று சொன்னால் சுத்தியலைத் தூக்குவார்கள், அதையும் யோசியுங்கள்.

பெயர் எதுவானாலும் இவற்றைத் தாளில் போடுங்கள், மாஸ்டர். கழற்ற முதல் பின் சொக்கின் (அதிர்வுதாங்கியின்) காற்றை இறக்கிவிட்டு, பின்சில்லைக் கையால் தாங்க வேண்டும். பாரம் போல்ட்டில் நின்றால் அது சிக்கிக்கொண்டு வரும். தலைக் குழியில் உள்ள சேற்றைக் கூரான கம்பியால் கிண்டி எடுத்த பிறகே கீயை அடிவரை செருக வேண்டும். உருண்டை முனைக் கீ இறுகிய போல்ட்டைக் கழற்ற ஆகாது. பூட்டும்போது முதல் நாலைந்து சுற்றும் விரலால் போக வேண்டும். போகாவிட்டால் மரை பிசகி ஏறுகிறது, திரும்ப எடுக்க வேண்டும். தண்டில் மெல்லிய கிறீஸ், மரையில் நீல லொக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி. நான் பார்த்த கொம்பனித் தாள்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது, ஆனாலும் அந்தந்தச் சைக்கிளின் தாளைப் பார்த்தே செய்ய வேண்டும். சிவப்பைப் போட்டால் சூடு காட்டாமல் கழராது.

கூட இறுக்கினால் மட்டும் முறிவதில்லை. தளர விட்டாலும் முறியும். நன்றாக நெரித்து நிற்கும் போல்ட்டுக்கு வளைவு வராது. தளர்ந்தது ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, முதல் மரையில் கீறல் விட்டு, ஒரு நாள் போய்விடும். எங்கள் உப்புக் காற்றில் அலுமினியச் சட்டமும் அதற்குள் இருக்கும் உருக்குப் போல்ட்டும் தொடும் இடத்தில் அரிப்பும் வரும். ஆகவே அடிக்கடி அளவு ஸ்பானரால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வல்வெட்டித்துறையில் இருந்து, வியாழன் இரவு

கடைக்காரத் தம்பி சொன்னது பெறுமதியானது. ஆனாலும் போல்ட் என்றே விட்டுவிடுவதா? அமெரிக்க மிசனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 1847இல் இலங்கைக்கு வந்து இறங்கி, பிறகு மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். உடலின் நரம்புக்கும் எலும்புக்கும் அவரால் தமிழ் தேட முடிந்தது. ஒரு சைக்கிள் ஆணிக்கு நம்மால் முடியாதா?

சென்னையில் இருந்து, வெள்ளி காலை

முடியும் ஐயா. நான் கீலை விட்டுவிடுகிறேன். ஆனால் பிணைச்சல் என்ற சொல் இங்கே பலருக்குத் தெரியாது. நம் குழுவின் பொதுச்சொல் பட்டியலில் அதை ஏற்றினால் பக்கத்தில் கீலும் இருக்க வேண்டும்.

கோண்டாவிலில் இருந்து, வெள்ளி இரவு

எல்லோருக்கும் நன்றி. தாள் அச்சுக்குப் போய்விட்டது. 'பிணைச்சல் போல்ட்' என்று போட்டிருக்கிறேன். கதவுப் பிணைச்சல் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், அதில் அசையாமல் நிற்கும் கம்பியையும் பார்த்திருப்பார்கள். குடுமி கதவோடு சேர்ந்து திரும்புவதால் அதை எடுக்கவில்லை. பெயருக்குக் கீழே தடித்த எழுத்தில் 'இந்தப் போல்ட் சுழலாது' என்று ஒரு வரி. இறுக்கம் என்ற சொல்லை எல்லா இடத்திலும் வெட்டிவிட்டு, 'முறுக்கம் 12 நியூற்றன் மீற்றர், அளவு ஸ்பானரால் மட்டும்' என்று எழுதினேன். கணிச்சியை அடுத்த பதிப்பில் யோசிப்போம்.

வல்வெட்டித்துறையில் இருந்து, வெள்ளி நள்ளிரவு

பெரும்பான்மைக்கு விட்டுக்கொடுக்கிறேன், சம்மதித்ததாக எடுக்க வேண்டாம். பாதிச் சொல் இன்னும் தமிழாகவில்லை. தாளின் கடைசியில் மாற்று போல்ட் இரண்டு கொண்டுபோகச் சொல்லியிருப்பீர்கள்தானே? அதற்காவது அடுத்த பதிப்பில் சேம ஆணி என்று எழுதுங்கள், தம்பி.